640 டாலருக்கு ஒரு "1954" போஸ்டர்: பழைய சினிமா போஸ்டர் வாங்குபவர்கள் தயவுசெய்து படியுங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய ஹாலிவுட் போஸ்டர்களை ஆன்லைன் ஏலத்தில் எடுப்பவர்களுக்கான எச்சரிக்கை இது. 640 டாலர் போய்விட்டது. அசல் என்று சொல்லி எனக்கு வந்து சேர்ந்தது ஸ்கேன் செய்து அச்சடித்த நகல். விற்றவன் கைவிரித்துவிட்டான், தளமும் கைகழுவிவிட்டது. நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அசலை எப்படி இனம் காண்பது, எந்த வருடத்து அச்சு என்று எப்படிக் கணிப்பது என்பதையெல்லாம் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

தளத்தின் பெயரைப் போடவில்லை. சேகரிப்புப் பொருள்களுக்கென்றே நடக்கும் ஏலத் தளம். "நிபுணர்கள் சரிபார்த்தவை" என்று முகப்பிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். படத்தின் பெயரும் வேண்டாம். 1954-ல் வெளிவந்த விஞ்ஞானக் கற்பனைப் படம், அமெரிக்க ஒன் ஷீட். அது போதும்.

ஒன் ஷீட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: அமெரிக்கத் தியேட்டர்களின் வழக்கமான போஸ்டர் அளவு. 1980-களின் நடுப்பகுதி வரை 27க்கு 41 அங்குலம், அப்புறம்தான் 27க்கு 40 ஆனது. 1940 வாக்கிலிருந்து பெரும்பாலான ஸ்டுடியோக்களின் போஸ்டர்களை நேஷனல் ஸ்க்ரீன் சர்வீஸ் என்ற நிறுவனம்தான் தியேட்டர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. படம் ஓடி முடிந்ததும் போஸ்டரைத் திருப்பித் தர வேண்டும் என்று அடியில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். பக்கத்தில், வலது மூலையில் ஓர் எண். 54 என்று ஆரம்பித்து ஒரு சாய்கோடு வந்தால் 1954-ம் வருடப் படம். மறுவெளியீட்டுக்காக அடித்தது என்றால் எண்ணுக்கு முன்னால் 'ஆர்' எழுத்து நிற்கும். 1977-லிருந்து சாய்கோடு போய் ஆறு இலக்கமும் சேர்ந்தே வந்தன. இதெல்லாம் தெரிந்துதான் வாங்கப் போனேன். "விவரம் தெரியாமல் வாங்கியிருப்பாய்" என்று சொல்ல வருகிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.

விற்றவன்மேல் நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் மோசடியே அங்கேதான் இருக்கிறது. நான் முதலில் விசாரித்தது அவனிடமிருந்த வேறொரு போஸ்டரை. நல்ல நிறம், கிழிசல் இல்லை. படத்தில் வலது மூலை சரியாகத் தெரியவில்லை, அதை மட்டும் தனியாக எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். கூடவே எழுதினான்: "இதில் ஆர் இருக்கிறது, மறுவெளியீடு. அடியில் உள்ள காப்புரிமை வருடம் படத்துக்கு உரியது, அச்சடித்த வருடம் அல்ல. உங்களுக்கு முதல் வெளியீடு வேண்டும் என்றால் இதற்கு இவ்வளவு பணம் கொடுக்காதீர்கள்." தன் சரக்கையே வேண்டாம் என்று சொல்கிற வியாபாரியை யார் சந்தேகப்படுவார்கள்? நான் சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் இந்த 1954 போஸ்டரைக் காட்டினான். பழைய தியேட்டர் ஒன்றில் படம் ஓட்டியவரின் வீட்டுப் பரணிலிருந்து வந்ததாம். கதையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இந்தத் தொழிலில் எல்லாப் போஸ்டரும் ஏதாவது ஒரு பரணிலிருந்துதான் வருகிறது. படங்களைக் கேட்டேன். பின்பக்கம், மடிப்புகள் சந்திக்கும் இடங்கள், மூலையில் உள்ள எண், அளவு நாடா வைத்து நீளமும் அகலமும். ஒன்று விடாமல் வந்தன. பின்பக்கத்தில் படத்தின் பெயரும் எண்ணும் மை முத்திரையாகக் குத்தியிருந்தன, மடித்து அனுப்பிய போஸ்டர்களில் வழக்கமாகப் பார்க்கிற மாதிரியே. ஓரங்களில் பழுப்பு, நடுவில் வெளிர். நாடா 41 அங்குலம் காட்டியது. நான் கேட்காததையும் அனுப்பினான். மேல் இடது மூலையில் ஓர் ஊசித் துளை, அதை நெருக்கத்தில் எடுத்து, "குறையை முன்கூட்டியே சொல்லிவிடுவது என் வழக்கம்" என்று ஒரு வரி. விலையும் அடிமாட்டு விலை இல்லை. 640 டாலர், அந்த மாதிரிப் படத்துக்கு நியாயம்தான். அஞ்சல் செலவு தனி.

இப்போதும் சொல்கிறேன், அந்தப் படங்களில் இருந்தது அசல் போஸ்டர்தான். எனக்கு வந்தது அது இல்லை.

இரண்டு அட்டைகளுக்கு நடுவில் மடித்து வந்தது. பிரித்ததுமே கைக்குத் தெரிந்துவிட்டது. தாள் கனமாகவும் வழவழப்பாகவும் இருந்தது. ஐம்பதுகளின் ஒன் ஷீட் மெல்லிய, பளபளப்பில்லாத தாள். மேசைமேல் விரித்தேன். குறுக்கே மூன்று மடிப்பு, நெடுக்கே ஒன்று, எட்டுக் கட்டம். அதெல்லாம் சரி. மடிப்புகள் சந்திக்கும் இடத்தில் மை உதிர்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. அங்கே விரலை வைத்துத் தடவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. உதிர்ந்த மாதிரி இருந்ததே தவிர உதிர்ந்திருக்கவில்லை, அந்த வெள்ளையும் சேர்ந்தே அச்சாகியிருந்தது. தாளின் நிஜ மடிப்பு அதற்கு இடப்பக்கம், ஒரு நூல் தள்ளிப் போயிருந்தது. ஒரே போஸ்டரில் பக்கம் பக்கமாக இரண்டு மடிப்புக் கோடு! ஸ்கேன் செய்யும்போது அசலின் மடிப்பும் படத்தில் விழுந்திருக்கிறது, அதன்மேல் குறிபார்த்து மடிக்கப் பார்த்திருக்கிறான், தவறிவிட்டது.

அப்புறம் ஊசித் துளை. மேல் இடது மூலையில் சொன்ன இடத்தில் சொன்ன மாதிரியே இருந்தது. போஸ்டரைத் தூக்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். வெளிச்சம் வரவில்லை. துளையின் படம்! அதைப் பார்த்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பத்து மடங்கு உருப்பெருக்கியை எடுத்து அடியில் உள்ள பொடி எழுத்துகளைப் பார்த்தேன். ஆஃப்செட் அச்சில் ஓவியப் பகுதிதான் வண்ணப் புள்ளிகளாக இருக்கும், கறுப்பு எழுத்து திட்டமாக, ஓரம் சுத்தமாக விழும். இங்கே எழுத்துகளே புள்ளி புள்ளியாகச் சிதறி, ஓரமெல்லாம் பிசிறடித்துக் கிடந்தன. அளந்தேன், 27க்கு 40. ஓரத்தை யாராவது வெட்டியிருந்தால் வெள்ளைக் கரை ஒரு பக்கமாவது குறுகியிருக்க வேண்டும், நாலு பக்கமும் ஒழுங்காக இருந்தது. புற ஊதா விளக்கில் தாள் முழுக்க நீல வெள்ளையாக ஒளிர்ந்தது. தாளை வெண்மையாகக் காட்டுவதற்காக இப்போது சேர்க்கிற ரசாயனத்தின் வேலை அது. பின்பக்கத்தில் முத்திரையே இல்லை. 640 டாலர்.

இனி அவன் பதில்களைக் கேளுங்கள். முதலில், "வாழ்த்துகள், நல்ல மதிப்பீடு போடுங்கள்" என்று வந்தது. நான் படங்களை அனுப்பியதும், அந்தக் காலத்தில் அச்சகத்துக்கு அச்சகம் அளவு மாறும் என்றான். சரி, துளை? பழுதுபார்த்தவர் அடைத்திருப்பார் என்றான். அடைத்தவர் மேலே துளையை வரைந்தும் வைப்பாரா? அதற்குப் பதில் இல்லை. முத்திரை எங்கே என்றேன். "மங்கியிருக்கும்." எழுபது வருடம் மங்காத மை தபாலில் வரும் வழியில் மங்கிவிட்டதாம். விடாமல் கேட்டதும் குரல் மாறியது. அசலை நான் அமுக்கிக்கொண்டு நகலைக் காட்டிப் பணம் பறிக்கப் பார்க்கிறேனாம். அத்தோடு என்னைத் தடைசெய்துவிட்டான்.

தளத்துக்காரர்கள் இன்னும் மேல். "உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்" என்று ஒரு தானியங்கிப் பதில். பிறகு ஒருவர் எழுதினார்: அறிவிப்பில் இன்ன படத்தின் போஸ்டர் என்று இருக்கிறது, உங்களுக்கு வந்திருப்பதும் அதே படத்தின் போஸ்டர், ஆகவே பொருள் விவரிப்போடு பொருந்துகிறது. இதை ஒரு மனிதர் உட்கார்ந்து தட்டச்சு செய்திருக்கிறார்! முகப்பில் போட்டிருக்கும் உங்கள் நிபுணர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். அவர்கள் விற்பவர் அனுப்பும் புகைப்படங்களை மட்டும்தான் பார்ப்பார்களாம். போஸ்டரையே அனுப்பிவைக்கிறேன், அவர்களே பார்க்கட்டும் என்றேன். பொருளை நேரில் பெறும் வசதி கிடையாது. வெளி நிபுணர் ஒருவரிடம் முகவரித் தாளில் கடிதம் வாங்கி 48 மணி நேரத்துக்குள் பதிவேற்றுங்கள் என்றார்கள். யாருடைய கடிதத்தை ஏற்பீர்கள்? பட்டியல் எதுவும் இல்லை. பல வருடமாகப் போஸ்டர் விற்கும் ஒரு வியாபாரி பார்த்துவிட்டு நகல்தான் என்று எழுதிக் கொடுத்தார், பாவம், காசுகூட வாங்கவில்லை. அதைப் பதிவேற்றப் போனபோது நேரம் முடிந்து புகார் தானாகவே மூடப்பட்டிருந்தது. மறுபடி திறக்க முடியாது. நல்லெண்ண அடிப்படையில் 15 டாலர் கூப்பன் தந்தார்கள், அதுவும் அடுத்த முறை அங்கேயே வாங்கினால்தான் செல்லும். போனது 640, வந்தது 15, அதையும் அவர்களிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நேற்று இரவு அதே தளத்தில் அதே போஸ்டர் மறுபடி ஏலத்துக்கு வந்திருக்கிறது. விற்பவர் பெயர் வேறு. படங்கள் எனக்கு வந்த அதே படங்கள், அதே முத்திரை, அதே ஊசித் துளை. அளவு நாடாவில் இருந்த மைக்கறைகூட மாறவில்லை. அசல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் காட்டிக் காட்டி நகல்களைத் தள்ளுகிறான். புகார் கொடுத்தேன், "பரிசீலிக்கிறோம்" என்று வந்தது. ஏலம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் விரிவாக எழுத இப்போது பொறுமையும் இல்லை, நேரமும் இல்லை. அவசரத்துக்கு இவற்றையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெயர் எழுதிய சீட்டைப் பக்கத்தில் வைத்துப் படம் கேளுங்கள் என்பார்கள். அசல் கையில் இருப்பவன் அதையும் எடுத்து அனுப்புவான். புகைப்படத்தில் எதைச் சரிபார்த்தாலும் அது புகைப்படத்தில் இருக்கும் தாளுக்குத்தான் பொருந்தும். கைக்கு வந்த பிறகு பார்ப்பதுதான் கணக்கு.

பார்சல் பிரிப்பதை ஆரம்பத்திலிருந்தே வீடியோ எடுங்கள். மாற்றிவிட்டாய் என்று உங்கள்மேலேயே பழி போடுவார்கள். அன்றைக்கே மடிப்பைத் தடவுங்கள், துளையையும் கிழிசலையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள், பொடி எழுத்தை உருப்பெருக்கியில் பாருங்கள், அளந்து பாருங்கள். அறிவிப்புப் படங்களில் இருந்த ஒவ்வொரு கறையும் கையில் உள்ள தாளிலும் இருக்கிறதா, நிஜமான கறைதானா என்று பாருங்கள். 24க்கு 36 என்றால் கடைகளில் விற்கும் சுவர்ப் போஸ்டர் அளவு, விளக்கமே கேட்க வேண்டாம்.

விற்பவனே அச்சடித்துத் தரும் "உண்மைச் சான்றிதழ்" வெறும் காகிதம். எனக்கும் ஒன்று வந்தது, தங்க நிற ஓரத்தோடு.

திருப்பி எடுக்க முடியாத வழியில் பணம் கட்டாதீர்கள். போஸ்டர் நகல் என்று தெரிந்தால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று பணம் கட்டுவதற்கு முன்னாலேயே எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் விட்டுவிடுங்கள், எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் சரி.

முப்பதுகளின் கல் அச்சு, லாபி கார்டு (தியேட்டர் முகப்பில் வைக்கும் சின்ன அட்டை விளம்பரம்), மறுவெளியீட்டின் மற்ற அடையாளங்கள் எல்லாம் இன்னொரு நாள் எழுதுகிறேன். இப்போது ஒரே விஷயம்: 1954, விஞ்ஞானக் கற்பனைப் படம், ஒன் ஷீட், மேல் இடது மூலையில் ஊசித் துளை. ஏலம் கேட்டிருந்தால் உடனே பின்வாங்குங்கள்.