‘ஆட்டோஇம்யூன் பேக்கேஜ்’ ரத்தப் பரிசோதனை: வாங்கலாமா?

சிக்குன்குனியா காய்ச்சல் தணிந்து மாதங்கள் கடந்தும் விரல் மூட்டுகளில் வலியும் காலைநேர இறுக்கமும் விடாததால், என் அக்காவுக்காக ஓர் ஆய்வகத்தின் ‘ஆட்டோஇம்யூன் பேக்கேஜ்’ (உடலின் எதிர்ப்பாற்றல் அந்த உடலையே தாக்கும் ‘தன்னுடல் தாக்கு நோய்’களுக்கான சோதனைத் தொகுப்பு) பரிசோதனைக்குப் பணம் கட்டினோம். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்தவரின் கைத்திறனையோ, சொன்ன நேரத்தில் அறிக்கை வந்ததையோ குறை சொல்வதற்கில்லை. என் மனக்குறையெல்லாம் அந்தத் தொகுப்பில் எவற்றைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதில்தான்.

‘நோயின் மூலகாரணத்தைக் கண்டறியலாம்’ என்ற விளம்பரத்தோடு, எப்ஸ்டீன் பார் வைரஸுக்கான ஐ.ஜி.ஜி. (முன்பு வந்த தொற்றுக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருள்) சோதனையைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த வைரஸுக்கும் தன்னுடல் தாக்கு நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது உண்மையே. அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிப் பேருக்கும் மேற்பட்டோரை வைத்து 2022இல் வெளியான ஆய்வு, அத்தொற்றுக்குப் பின், மூளையையும் தண்டுவடத்தையும் பாதிக்கும் தன்னுடல் தாக்கு நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வரும் வாய்ப்பு 32 மடங்கு உயர்வதாகக் காட்டியது. ஆனால் பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானோருக்கு இத்தொற்று ஏற்கெனவே வந்து போயிருக்கும், அவர்களில் மிகச் சிலரே அந்நோய்க்கு ஆளாகிறார்கள் என்பதால், ‘பாசிட்டிவ்’ என்று சிவப்பில் அச்சான அந்த வரியால் அக்காவுக்குப் பயம் வந்ததைத் தவிர வேறு பயன் இல்லை.

உடலின் சொந்த செல்களின் உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் ஏ.என்.ஏ. சோதனையின் நிலையும் ஏறக்குறைய இதுதான். 1:40 என்ற அளவில் (ரத்தத்தின் தெளிநீரை 40 மடங்கு நீர்த்து) பார்த்தால் ஆரோக்கியமானவர்களிலேயே நான்கில் ஒருவருக்கு மேல் பாசிட்டிவ் வரும், 1:160 என்றால் ஏறத்தாழ 5 சதவீதத்தினருக்கே வரும் என்றிருக்க, அளவைக் குறிப்பிடாமல் வெறும் ‘பாசிட்டிவ்’ என்று எழுதித் தருவது பொறுப்பான செயல் அல்ல.

தொகுப்பில் உருப்படியானது, மூட்டுகளைத் தாக்கும் தன்னுடல் தாக்கு நோயான முடக்குவாதத்தைக் கண்டறிய உதவும் ஆன்டி சி.சி.பி. சோதனை. புகையிலைப் புகை போன்றவை நுரையீரலில் உள்ள புரதங்களை உருமாற்ற, குறிப்பிட்ட மரபணுக்கூறு உள்ளவர்களின் உடல் அவற்றை அந்நியமாகக் கருதி உருவாக்கும் எதிர்ப்பொருளையே இது அளக்கிறது; முடக்குவாதம் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது ரத்தத்தில் தென்படக்கூடும். கல்குவாரித் தூசியில் உள்ள சிலிக்காவும் அந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. ஆனால் ஆய்வகத்தின் படிவமோ புகைபிடிப்பதைப் பற்றியும் தொழிலைப் பற்றியும் கேட்கவில்லை. அண்மையில் காய்ச்சல் வந்ததா என்றுகூடக் கேட்கவில்லை. மூலகாரணம் தேடுவதாகச் சொல்பவர்கள் இவற்றை விட்டுவிட்டு வேறு எங்கே தேடுகிறார்களோ!

மூட்டுநோய் மருத்துவர் முதலில் கேட்டதே காய்ச்சலைப் பற்றித்தான். சிக்குன்குனியாவுக்குப் பின் வரும் மூட்டுவலி மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடித்து, முடக்குவாதத்தைப் போலவே தோன்றும் என்றும், வைரஸ் தொற்றுகளுக்குப் பின், முடக்குவாதத்துக்காகச் சோதிக்கும் இன்னோர் எதிர்ப்பொருளான ருமடாய்டு ஃபேக்டர் தற்காலிகமாக உயர்வதுண்டு என்றும் விளக்கிய அவர், ஆன்டி சி.சி.பி. நெகட்டிவ் என்ற ஒரே வரியை மட்டும் குறித்துக்கொண்டு, மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து மருந்து எழுதினார்.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன். அதுவும் ரத்தம் எடுத்தவருக்காக. மூட்டுவலி உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்து, அவர் எழுதித் தரும் சோதனைகளை மட்டும் தனித்தனியாக எடுத்துக்கொண்டால் போதும், ஏ.என்.ஏ. அவற்றில் இருந்தால், அளவையும் அறிக்கையில் குறிப்பிடும்படி முன்கூட்டியே கேளுங்கள்.