ஸ்லர்ம்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

பல கணினிகளை (நோடுகளை) இணைத்த கிளஸ்டரில், பயனர்கள் தரும் வேலைகளான ஜாப்களைப் பங்கிட்டுத் தரும் மென்பொருளான ஸ்லர்ம், நிறுவிய கையோடு ஓடிவிடும். ஆனால் தானாக அமையும் அளவுகளை அப்படியே விட்டால் நோடுகள் சும்மா கிடக்க, வரிசை மட்டும் நீளும்.

இதன் உயிர்நாடி பேக்ஃபில். பெரிய ஜாப் ஒன்று 16 நோடுகளுக்குக் காத்திருக்கையில், அதன் தொடக்கத்தைத் தள்ளிப்போடாத சிறிய ஜாப்களை இடைவெளிகளில் நுழைத்துவிடும். இந்தக் கணக்கு முழுக்க, பயனர் தரும் நேர வரம்பை நம்பியது. 3 மணி நேர வேலைக்கு 7 நாள் கேட்டால் எந்த இடைவெளியிலும் அது பொருந்தாது. வரம்பே தராவிட்டால் பார்ட்டிஷனின், அதாவது அந்த நோடுத் தொகுப்பின், உச்ச நேரம் ஒட்டிக்கொள்ளும். எனவே வரம்பு தராத ஜாப்களுக்கான டிஃபால்ட்டைம் 1 மணி நேரம் என்று வைப்பது நல்லது. கூடுதலாக வேண்டியவர் கேட்டுப் பெறட்டும்.

பேக்ஃபில் எவ்வளவு நேரம் முன்னோக்கித் திட்டமிடும் என்பதே பிஎஃப்_விண்டோ. தானாக அமைவது 1440 நிமிடம், அதாவது ஒரே நாள். 7 நாள் ஜாப்களை அனுமதிக்கும் இடத்தில் இதை 10080 ஆக்காவிட்டால், பெரிய ஜாப்கள் இடமே கிடைக்காமல் கிடக்கும். கூடவே அந்தத் திட்டத்தின் நேர நுணுக்கமான பிஎஃப்_ரெசல்யூஷனை 60 விநாடியிலிருந்து 600 வரை உயர்த்துங்கள். இல்லையேல் ஸ்லர்மின் மைய நிரலான கண்ட்ரோலர் திணறும்.

நினைவகத்தைப் பகிர்ந்தளிக்கும் அமைப்பில் அளவு கேட்காத ஜாப், நோடின் மொத்த நினைவகத்தையும் பிடித்துக்கொள்ளும். 64 கோர், 256 ஜிபி நோடு என்றால் கோருக்கு 3800 எம்பி என்று நிர்ணயித்து, மிச்சத்தை இயங்குதளத்துக்கு விடலாம். ஜாப் முடிந்ததும் செஃப் கட்டளை உண்மையில் எவ்வளவு செலவானது என்று காட்டும். பயனர்களுக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது இதைத்தான்.

நோடு அடிக்கடி புது ஜாப் ஏற்காத டிரெய்ன் நிலைக்குப் போய், காரணம் 'கில் டாஸ்க் ஃபெயில்டு' என்று வந்தால் ஸ்லர்மைக் குறை சொல்வது நியாயமில்லை. பெரும்பாலும் என்எஃப்எஸ் அல்லது லஸ்டர் போன்ற பிணையச் சேமிப்பகம் பதில் தராமல் புராசஸ் சிக்கியிருக்கும். புராசஸ் நிற்பதற்காகக் காத்திருக்கும் நேரமான அன்கில்லபிள்ஸ்டெப்டைம்அவுட்டை 60 விநாடியிலிருந்து 180 ஆக்கினால் பொய் எச்சரிக்கை குறையும். சேமிப்பகத்தைச் சரிசெய்வதே தீர்வு. அடையாளத்தைச் சரிபார்க்கும் மஞ்ச் சேவையில் பிழை வந்தால் நோடின் கடிகாரத்தை முதலில் பாருங்கள்.

பதிப்பை உயர்த்தும்போது தரவுத்தளச் சேவையான ஸ்லர்ம்டிபிடி, கண்ட்ரோலரான ஸ்லர்ம்சிடிஎல்டி, பிறகு நோடுகளின் ஸ்லர்ம்டி என்ற வரிசை மாறக்கூடாது. தரவுத்தளத்தை நகலெடுத்துவிட்டு, முதல்முறை ஸ்லர்ம்டிபிடியைக் கையாலேயே இயக்குங்கள். பழைய ஜாப் பதிவுகள் அதிகமிருந்தால் அட்டவணை மாற்றம் வெகுநேரம் ஓடும். லினக்ஸில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி வழியே தொடங்கினால் நேரம் தாண்டியதென்று பாதியில் நிறுத்திவிடக்கூடும்.