கார் கழுவ ஆள் வைப்பதா, நாமே கழுவுவதா? ஒரு வருட அனுபவத்தில் என் பதில்

போன சித்திரையில் ஒரு மத்தியானம், மதுரை தெப்பக்குளம் பக்கம் வெயிலில் நிறுத்தியிருந்த வண்டியை எடுக்கப் போனபோதுதான் பானட்டை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தேன். சூரியன் பட்டு மின்னிய இடத்தைச் சுற்றிலும் சிலந்தி வலை பின்னியது மாதிரி வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். நான்கு வருட வண்டி, அடர் நீல நிறம், எங்கும் இடித்ததில்லை, உரசியதில்லை. தினமும் காலையில் ஆள் வைத்துத் துடைத்து, மாதம் ஒரு தடவை வாட்டர் வாஷும் விட்டு, பத்திரமாக வைத்திருக்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பத்திரம்தான் கீறலுக்குக் காரணம் என்று அப்புறம் தெரிந்தது. இப்போது ஒரு வருடமாக நானே கழுவுகிறேன். மூன்று வழியையும் பார்த்துவிட்டதால் எழுதுகிறேன்: வீட்டுக்கு வந்து துடைப்பவர், வாட்டர் சர்வீஸ், நம் கை.

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். துடைப்பவருக்கு மாதம் 600 ரூபாய் கொடுத்தேன், வாட்டர் வாஷுக்கு ஒரு தடவைக்கு 500. நானே கழுவ ஆரம்பித்தபோது ஷாம்பூ, மைக்ரோஃபைபர் துணிகள், கையில் மாட்டித் தேய்க்கும் உறை, இன்னொரு வாளி எல்லாம் சேர்த்து 1,800 ஆனது. வாட்டர் வாஷ் காசு மிச்சமானதில் நான்கு மாதத்துக்குள் சரியாகிவிட்டது. நேரம்? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐம்பது நிமிடம். அதே ஞாயிற்றுக்கிழமை வாட்டர் சர்வீஸில் வரிசையில் நின்றால் அதைவிடக் கூடுதலாகவே போகும். காசுக்காகவோ நேரத்துக்காகவோ மட்டும் யாரும் மாற வேண்டியதில்லை.

விஷயம் துணியில்தான் இருக்கிறது.

அந்தக் கீறலைத் தெரிந்த பெயிண்டர் ஒருவரிடம் காட்டினேன். செல்போன் டார்ச்சை பானட்டுக்கு நேரே பிடித்து, "சார், இது தேய்ச்சு வந்த கோடு. தூசியோட தொடச்சிருக்காங்க. ரப்பிங் போட்டா மறைஞ்சிரும், ஆனா அடிக்கடி போடக் கூடாது, மேல இருக்குற கோட்டு தேஞ்சிரும்" என்றார். அவர் சொன்ன மேல் கோட்டுதான் கிளியர் கோட். காரின் நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி இருக்கும் அந்த அடுக்கு பெரும்பாலான வண்டிகளில் 40, 50 மைக்ரான் அளவுக்குத்தான் இருக்கும். நம் தலைமுடி ஒன்று ஏறக்குறைய 70 மைக்ரான். அதாவது முடியின் கனம்கூட இல்லாத ஒரு தோலைத்தான் தினமும் தேய்த்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு ரப்பிங் பாலீஷும் அதில் கொஞ்சத்தைச் சீவித்தான் கோட்டை மறைக்கிறது. சீவியது திரும்ப வளராது.

எதை வைத்துத் தேய்க்கிறோம் என்பது அடுத்தது. நான் தினமும் திருநகரிலிருந்து ரிங் ரோடு வழியாக ஒத்தக்கடைக்குப் போகிறவன். முன்னால் எம்-சாண்ட் லாரி, பின்னால் ஜல்லி லாரி. எம்-சாண்ட் என்பது கருங்கல்லை உடைத்து அரைத்த பொடி, அதில் குவார்ட்ஸ் இருக்கிறது. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் குவார்ட்ஸ் 7, சாதாரணக் கண்ணாடியே 5.5 அளவில்தான் நிற்கிறது. கண்ணாடியையே கீறுகிற பொடி சாயங்காலம் வண்டியின் மேல் ஒரு பூச்சாகப் படிந்திருக்க, மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒருவர் அதன் மேல் ஈரத்துணியை வைத்து வட்டமாக இழுத்தால் அந்தத் துணி உப்புத்தாள் மாதிரிதான்.

எங்கள் தெருவில் துடைக்க வரும் அண்ணன் நல்ல மனுஷன், ஒரு நாள் தவறாமல் வருவார். "அண்ணே, முதல்ல ரெண்டு மக்கு தண்ணி ஊத்திட்டுத் தொடைங்களேன்" என்று கேட்டுப் பார்த்தேன். "பன்னெண்டு வண்டி தம்பி, ஏழரைக்குள்ள முடிக்கணும். ஒவ்வொண்ணுக்கும் தண்ணி ஊத்தி அலசிக்கிட்டு நின்னா எப்படிப்பா?" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஒரு வண்டிக்கு நாளைக்கு இருபது ரூபாய் கொடுத்துவிட்டு அரை மணி நேர வேலையை எதிர்பார்க்க முடியாது. சரி, துணியையாவது மாற்றுவோம் என்று என் செலவில் இரண்டு மைக்ரோஃபைபர் வாங்கிக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் அது பக்கத்து வீட்டு வண்டியின் டயரில் இருந்தது. பன்னிரண்டு வண்டிக்கு ஒரு வாளி, ஒரு துணி என்றால், நம் வண்டி எத்தனையாவது என்பதைப் பொறுத்து மற்ற வண்டிகளின் மண்ணும் நம் பானட்டுக்கு வரும்.

வாட்டர் சர்வீஸ் இதைவிட எவ்வளவோ மேல். பிரஷர் தண்ணீர் மண்ணைக் கை படாமல் தள்ளிவிடுகிறது, அதன் மேல் நுரை அடிக்கும்போது மிச்சமும் ஊறிக் கழன்றுவிடும். அதுவரைக்கும் எனக்கு ஒரு குறையும் கிடையாது. சிக்கல் கடைசிப் பத்து நிமிடத்தில்தான். ஈரம் துடைக்க எடுக்கும் துணி ரிம் துடைத்த துணியா, கீழே சிமெண்ட் தரையில் விழுந்து எடுத்த துணியா என்று பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். நான் போன இடம் ஒன்றில் அடிப்பக்கம் பளபளப்பாகத் தெரிய டீசல் ஸ்பிரே அடிக்க வந்தார்கள், வேண்டாம் என்று நிறுத்தினேன். டீசல் பட்டால் சஸ்பென்ஷனில் இருக்கும் ரப்பர் புஷ் ஊதி இளகிப்போகும். இப்படி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் நானே கழுவிவிடலாமே என்றுதான் தோன்றியது.

நான் கழுவும் முறையில் பெரிய வித்தை இல்லை. ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால், எஞ்சின் ஆறியிருக்கும்போது ஆரம்பிக்கிறேன். முதலில் வெறும் தண்ணீரைக் கூரையிலிருந்து ஊற்றி ஐந்து நிமிடம் ஊறவிடுவேன், அப்போது கை வைப்பதே இல்லை. ஒரு வாளியில் கார் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். பாத்திரம் துலக்கும் சோப்பும் துணி சோப்புத்தூளும் போட்டால் பெயிண்ட் மேலே இருக்கும் வாக்ஸ், அதாவது மெழுகுப் பூச்சு, கழன்றுவிடும், அதனால் வேண்டாம். உறையை ஷாம்பூவில் முக்கி ஒரு கதவு தேய்த்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் அடுத்த முக்கு. மேலிருந்து கீழே, நேர்கோடாக. சக்கரத்துக்குத் தனித் துணி, அதுவும் கடைசியில். தரையில் விழுந்த துணி அன்றைக்குத் திரும்ப வண்டிமேல் ஏறாது. எல்லாம் முடிந்து அந்த வெறும் தண்ணீர் வாளியைச் சாய்த்துப் பார்த்தால் அடியில் ஒரு ஸ்பூன் மணல் நிற்கும். முதல் வாரம் அதைப் பார்த்தபோது மனசு என்னவோ செய்தது. நான்கு வருடம் அந்த ஒரு ஸ்பூன், வாரா வாரம், பெயிண்ட் மேலேயே உருண்டிருக்கிறது.

நானே கழுவ ஆரம்பித்தபின் வந்த புதுத் தொல்லை தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவிக் காயவிட்டால் கால்சியமும் மக்னீசியமும் வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும், அடர் நிறத்தில் அது அப்பட்டமாகத் தெரியும். ஆர்.ஓ. மெஷினில் வீணாகும் தண்ணீரைப் பிடித்துக் கழுவச் சொல்லிப் பலர் யோசனை சொல்வார்கள். மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் சேர்ந்திருக்கிறது. சக்கரத்துக்கும் தரைவிரிப்புக்கும் ஊற்றலாம், கண்ணாடிக்கும் பெயிண்டுக்கும் கடைசித் தண்ணீராக ஊற்றக் கூடாது. குடிக்க வருகிற கார்ப்பரேஷன் தண்ணீரை எடுத்துக் காருக்கு ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. கடைசியில் ஏசி தண்ணீர்தான் கைகொடுத்தது. அது காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டும் நீர், அதில் உப்பு இல்லவே இல்லை என்றே சொல்லலாம். ராத்திரி ஓடினால் எங்கள் வீட்டில் காலையில் அரை வாளி சேர்ந்திருக்கும், சனிக்கிழமைக்குள் இரண்டு வாளி. போர் தண்ணீரில் கழுவி, கடைசியாக இதை ஊற்றி, உடனே ஒற்றி எடுத்துவிட்டால் ஒரு புள்ளிகூட இல்லை. ஏற்கெனவே படிந்த புள்ளிக்கு, பாதித் தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரைத் துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்து, நன்றாகக் கழுவிவிட்டேன், பெரும்பாலும் போய்விட்டது.

தினமும் ஆள் வந்தபோது இருந்த ஒரு வசதி இப்போது இல்லை. எங்கள் வாசலில் வேப்பமரம், மரம் முழுக்கப் பறவைகள். எச்சத்தில் அமிலம் இருக்கிறது, சித்திரை வெயிலில் சூடேறிய பெயிண்டில் அது ஒரு நாள் கிடந்தாலே தடம் விழுந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க முடியாது. அதனால் டிக்கியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் சுத்தமான துணியும் எப்போதும் இருக்கும். எச்சத்தின் மேல் நனைத்த துணியை இரண்டு நிமிடம் போட்டுவைத்து, ஊறியதும் தேய்க்காமல் அப்படியே தூக்கி எடுக்க வேண்டும்.

வாட்டர் சர்வீஸை முழுதாக விட்டுவிட்டேன் என்றும் சொல்ல மாட்டேன். ராமேஸ்வரம், தனுஷ்கோடி போய் வந்தால் மறுநாளே அங்கேதான் போவேன், கடல் மணலும் உப்பும் அடிப்பக்கம் ஒட்டியிருந்தால் துருப் பிடிக்கும், அதை லிஃப்ட்டில் ஏற்றி பிரஷர் அடித்துத்தான் எடுக்க முடியும், என் வாளி அங்கே எட்டாது. ஐப்பசி மழையில் கிராமத்துச் சேற்றில் ஓடிய வண்டிக்கும் இதேதான். எஞ்சின் பக்கம் மட்டும் பிரஷர் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவேன், வயர் கனெக்டருக்குள் தண்ணீர் போனால் அது தனித் தலைவலி. இடுப்பு வலி இருப்பவர்களும், கீழே தண்ணீர்க் குழாயே இல்லாத அடுக்குமாடியில் இருப்பவர்களும் நல்ல வாட்டர் சர்வீஸ் ஒன்றைப் பிடித்து, சொந்தத் துணியைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் நல்லது. வெள்ளை, சில்வர் வண்டிக்காரர்கள் என் அளவுக்குக் கவலைப்பட வேண்டாமோ என்றும் தோன்றுகிறது. கீறல் விழும், ஆனால் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. நான் வைத்திருந்ததெல்லாம் அடர் நிறம்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்ல மாட்டேன். பெயிண்டைக் காக்க மேலே பூசும் செராமிக் கோட்டிங்கும் நான் போட்டதில்லை. விற்கும்போது பெயிண்டுக்காக விலை எவ்வளவு கூடும் என்பதையும் விற்ற பிறகுதான் சொல்ல முடியும்.

பழைய கோடுகளுக்குப் போன ஆவணியில் ஒரே ஒரு தடவை ரப்பிங் போட்டேன். அதற்கப்புறம் மாதம் ஒரு தடவை ராத்திரியில் டார்ச் அடித்துப் பார்க்கிறேன், வலது பின்கதவில் இரண்டு கோடு தவிரப் புதிதாக ஒன்றும் இல்லை. அந்த அண்ணனையும் நிறுத்தவில்லை. வாரம் இரண்டு நாள் வந்து உள்பக்கம் பெருக்கி, மேட்டைத் தட்டி, சக்கரத்தைக் கழுவிவிட்டுப் போகிறார், அதே 600 ரூபாய்தான். வெளிப் பெயிண்டை மட்டும் தொடுவதில்லை. "தம்பி, மேல தூசியாக் கெடக்கே, லேசாத் தட்டி விட்டுரட்டா?" என்று இன்னமும் கேட்பார். வேண்டாம்ணே, ஞாயித்துக்கெழம பாத்துக்கிறேன் என்பேன்.