துபாயிலிருந்து ரியாத்: நான்கு கோடைக்குப் பிறகு

துபாயில் ஏழு வருடம் இருந்துவிட்டு 2021 கடைசியில் ரியாத்துக்கு மாறினேன். இரண்டும் பாலைவன ஊர்தானே, வெயில் எங்கே போனாலும் வெயில்தானே என்று நண்பர்கள் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நம்பினேன். நான்கு கோடை பார்த்த பிறகு சொல்கிறேன், டிகிரி கணக்கு கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் உடம்புக்கு இவை இரண்டும் வேறு வேறு ஊர்கள்.

துபாய் கடலோரம். ஆகஸ்டில் ராத்திரி பத்து மணிக்குக் கட்டடத்தை விட்டு வெளியே வந்தால் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படியும், தெருமுனைக்குப் போவதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும், வியர்வை காயவே காயாது. நாகப்பட்டினத்தில் வளர்ந்த எனக்கே அந்தப் புழுக்கம் மூச்சு முட்டியது. ரியாத், வளைகுடாக் கடலிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உள்ளே, 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலை மதியம் 44 டிகிரி, ஈரப்பதம் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அனல் முகத்தில் அறையும், ஆனால் ஒரு மர நிழலுக்குப் போய்விட்டால் போதும், உடனே தெரியும் வித்தியாசம். துபாய்ப் புழுக்கத்தில் நிழலில் நின்றும் பெரிதாகப் பயனில்லை.

எங்கள் வீட்டில் ஒரு மண்பானை இருக்கிறது, என் மனைவி ஊரிலிருந்து துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்தது. துபாயில் கராமா என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் கோடை முழுக்க அதில் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, கடைசியில் மாவு போட்டு வைக்கும் பானையாகிவிட்டது. அதே பானையை ரியாத்தில் பால்கனி நிழலில் ஈரத்துணி சுற்றி வைத்தோம். மதியம் ஒரு சொம்பு எடுத்துக் குடித்தபோது தொண்டை சில்லிட்டது. பானையின் வெளிப்பக்கம் கசிகிற நீர் ஆவியாகப் போனால்தான் உள்ளே குளிரும், ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்றில் அது எங்கே போகும்? நம் வியர்வைக்கும் இதே கதைதான். இங்கே பழைய வீடுகளில் தண்ணீர் ஓடும் கூலர்கள் இன்னும் ஓடுவதற்கும் காரணம் இதுதான்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று. வானிலை ஆப்பில் ஈரப்பத சதவீதத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஜனவரி காலையில் ரியாத்தில்கூட 60 சதவீதம் காட்டும், ஒரு கசகசப்பும் இருக்காது, ஏனென்றால் குளிர்ந்த காற்று கொஞ்சம் ஈரம் இருந்தாலே நிறைந்துவிடும். பனிநிலை (dew point) என்ற எண்ணைப் பாருங்கள், காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை அது, எவ்வளவு கூடுதலோ அவ்வளவு புழுக்கம். துபாய்க் கோடையில் அது 26, 28 என்று நிற்கும். ரியாத்தில் பெரும்பாலும் பத்துக்குக் கீழேதான்.

சரி, வறட்சி சும்மா விடுமா? முதல் மாதமே உதடு வெடித்து, மூக்கில் ரத்தம். கார்க் கதவைத் தொட்டால் சுரீர் என்று ஷாக் அடிக்கும். அம்மா மூன்று மாதம் வந்து தங்கியபோது பித்தவெடிப்பில் நடக்கவே சிரமப்பட்டார், தினமும் ராத்திரி தேங்காய் எண்ணெய் தேய்த்து சாக்ஸ் போட்டுவிடுவேன். தோசைமாவை மூடாமல் விட்டால் மேலே தோல் கட்டிவிடும். ஆனால் உண்மையான ஆபத்து வேறு. வியர்ப்பதே தெரியாது, அந்த நிமிடமே காய்ந்துவிடும், அதனால் தாகமும் தாமதமாகத்தான் தெரியும். இரண்டாவது கோடையில் எனக்குச் சிறுநீரகக் கல் வந்தது, அந்த வலியை விவரிக்க விருப்பமில்லை. வெளிவேலை பார்க்கும் தம்பிகளே, ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12 முதல் 3 வரை நேர் வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்பது இங்கே சட்டம். அந்த மூன்று மணி நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள், தண்ணீரை வேளை வைத்துக் குடியுங்கள்.

அப்புறம் புழுதி. வசந்த காலத்தில் வானம் செம்மண் நிறமாகிவிடும் நாட்கள் உண்டு, ஆஸ்துமா இருப்பவர்கள் யோசித்து வாருங்கள்.

ஊர் என்று பார்த்தால் துபாயை விட்டு வந்ததில் எனக்கு இழப்பு உண்டு. கராமாவில் படியிறங்கினால் டீக்கடை, கறிவேப்பிலை, தையல்காரர், நடக்கும் தூரத்தில் மெட்ரோ. ரியாத் அகல அகலமான சாலைகளின் ஊர், முதல் மூன்று வருடம் கார் இல்லாமல் ஒரு கொத்தமல்லிக்கட்டு வாங்க முடியவில்லை. 2024 டிசம்பரில் மெட்ரோ வந்த பிறகு அது கொஞ்சம் மாறியது. 4 ரியால் டிக்கெட்டில் இரண்டு மணி நேரம் போகலாம், வெள்ளிக்கிழமை பத்ஹா கடைத்தெருப் பகுதிக்குப் போய் நம் ஆட்களைப் பார்த்து, நான்கு வார்த்தை தமிழ் பேசி, காய்கறியோடு திரும்புகிறேன்.

ஆனால் ரியாத்தின் ராத்திரியைத் துபாய்க் கோடை எனக்குக் கொடுத்ததே இல்லை. இஷா தொழுகை முடிந்ததும் குடும்பம் குடும்பமாகப் பூங்காவிலும் சாலையோரப் புல்வெளியிலும் பாய் விரித்து, கஹ்வா என்கிற அரபுக் காபி ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆகஸ்டிலும்தான். என் மகள் அங்கேதான் சைக்கிள் ஓட்டக் கற்றாள். டிசம்பர், ஜனவரியில் ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே இறங்கும், ஹீட்டரும் கம்பளியும் கட்டாயம் வேண்டும்.

என் மனைவி இன்னும் கராமாவை நினைத்து ஏங்குகிறாள். எனக்கு அந்த ஆகஸ்ட் ராத்திரிகளுக்குத் திரும்ப மனமில்லை. போன மாதம் பானையின் கழுத்தில் விரிசல் விட்டுவிட்டது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இன்னொன்று வாங்கி வரவேண்டும்.