மதுரையில் ஐப்ரோ எடுக்கப் போகிறவர்களுக்கு

ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் சின்ன ஊரில் நூல் வைத்து ஐப்ரோ எடுக்க ஆள் கிடையாது. வாக்ஸ், இல்லையென்றால் பிளக்கர். நூல் வேண்டுமென்றால் பக்கத்து நகரத்தில் துருக்கிக்காரர்கள் நடத்தும் சலூனுக்கு ரயிலேற வேண்டும். அதனால் மதுரைக்கு வந்தால் தூக்கம் தெளிந்ததும் நான் போவது அண்ணா நகரில் அம்மா வீட்டுக்குப் பக்கத்துத் தெரு பார்லருக்குத்தான். ஒரே அறை, இரண்டு நாற்காலி, வாசலில் ஒரு திரை. இந்த முறை இரண்டு புருவத்துக்கும் சேர்த்து 60 ரூபாய். அங்கே 12 யூரோ கொடுக்கிறேன், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

விலை இருக்கட்டும், கை அப்படி. அந்தப் பெண் நூல்கண்டிலிருந்து ஒன்றரை முழம் உருவி, ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நடுவில் சில முறுக்கு போட்டாள். விரல்களை விரித்து மூடினால் அந்த முறுக்கு முன்னும் பின்னும் ஓடுகிறது. வழியில் உள்ள முடியைச் சுற்றி வேரோடு பிடுங்குகிறது. ஒவ்வொன்றாக இல்லாமல் ஒரு வரிசையாக வருவதால் கோடு சுத்தமாக விழும். "மேலயும் கீழயும் நல்லா இழுத்துப் பிடிங்கக்கா, லூசா விட்டா தோலு மாட்டிக்கிரும்" என்றாள். எனக்கு நூல் பட்டாலே தும்மல் வரும். புருவத்துக்கும் மூக்குக்கும் உணர்வு தருவது ஒரே நரம்புதான் என்பதால் பலருக்கும் இப்படி ஆகும். அவள் கையை எடுத்துவிட்டு, "வந்திருச்சா?" என்று கேட்டு, நான் தும்மி முடித்த பிறகுதான் மறுபடி குனிந்தாள். (ஹார்வி மில் என்று அப்பா இன்றும் சொல்லும் மதுரா கோட்ஸ் நூல் ஆலையின் ஊர் இது. நூலுக்கு இங்கே பஞ்சமா?)

முகப்பருவுக்கோ சுருக்கத்துக்கோ ரெட்டினாய்டு கிரீம் போடுகிறவர்கள் கவனிக்க: அது தோலின் ஆக மேலே உள்ள இறந்த செல் அடுக்கை மெலிய வைக்கும். அதன்மேல் வாக்ஸ் போட்டால் முடியோடு தோலும் உரிந்து வரலாம். நூல் முடியை மட்டும் பிடிப்பதால் அந்த ஆபத்து குறைவு. ஆனால் வேரோடு பிடுங்கினாலும் முடி முளைக்கும் வேர்ப்பை உள்ளேயே இருப்பதால் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் திரும்ப முளைத்துவிடும்.

சுத்தத்தைக் கேட்டே வாங்க வேண்டும். புது நூல்தானா, கை கழுவினார்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் முடி வேரில் சீழ்க்கொப்புளம் வரலாம், மருகூடப் பரவலாம். வாயில் கடிப்பது பிடிக்காவிட்டால் கழுத்தில் மாட்டி எடுக்கச் சொல்லலாம். நான் கேட்டதற்கு, "செய்யலாம்க்கா, கொஞ்சம் நேரமாகும், அம்புட்டுத்தான்" என்றாள்.

சித்தி பெண்ணோடு போன பெரிய ஏசி சலூன் வேறு கதை. உட்கார்ந்ததும், "ஃபாரின்லயா இருக்கீங்க மேடம்? ஸ்கின் ரொம்ப டல்லா இருக்கே" என்று டீ-டானில் தொடங்கி, பிளீச், ஃப்ரூட் ஃபேஷியல் என்று ஏறிக்கொண்டே போனார்கள். ஐப்ரோ மட்டும் போதும் என்று மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கடுப்போ என்னவோ, சித்தி பெண்ணின் புருவத்தைப் பென்சில் கோடாக்கி அனுப்பிவிட்டார்கள். எங்கே போனாலும், நூல் வைப்பதற்கு முன்பே, "ஷேப் மாத்த வேண்டாம், கீழே வளர்ந்ததை மட்டும் எடுங்க" என்று சொல்லிவிடுங்கள்.

ஐரோப்பாவில் பள்ளி விடுமுறை பெரும்பாலும் நம் ஆடியில் விழுகிறது. ஆடியில் கல்யாணம் இல்லாததால் பார்லர்கள் காற்றாடும், நிதானமாகச் செய்வார்கள். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டால் மணப்பெண் கூட்டத்துக்கு நடுவே அவசர அவசரமாகத்தான் நடக்கும். சில்லறையாகப் பணம் கொண்டு போங்கள். எல்லாரும் ஜிபே செய்வதால் 500 ரூபாய் நோட்டை நீட்டினால் பக்கத்துக் கடைக்கு ஓடுவார்கள். மீனாட்சியம்மன் கோயில் தரிசனத்தை முதலில் முடித்துவிடுங்கள். நூல் போட்ட கையோடு போனால் வேர்வையில் கரைந்து இறங்கும் விபூதி, குங்குமம் புருவத்தில் எரியும்.