வெள்ளத்தில் மூழ்கிய ஸ்பிளெண்டரும் பத்து வருட வீட்டு சர்வீஸும்

என்னுடையது 2010 மாடல் ஸ்பிளெண்டர் பிளஸ், கிக் ஸ்டார்ட். மீட்டர் ஒரு லட்சத்தைத் தொட்டு, பூஜ்யத்துக்குத் திரும்பி, மறுபடி 38,000-ஐத் தாண்டிவிட்டது. கடைசிப் பத்து வருடமாக ஆயில், செயின், பிரேக், டப்பெட் (வால்வு இடைவெளி) எல்லாம் வீட்டு வாசலில் நானே பார்க்கிறேன்.

ஆரம்பித்து வைத்தது 2015 டிசம்பர் சென்னை வெள்ளம். அப்போது வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். தண்ணீர் வடிந்தபோது வண்டியின் சீட் வரை சேறு. தெருமுனைப் பட்டறையில் நாற்பது வண்டிக்கு மேல் வரிசையில் நின்றன. அந்த மெக்கானிக் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, கிக்கரை மட்டும் மிதிச்சிடாதீங்க. பிளக்கைக் கழட்டுங்க, ஆயிலை இறக்குங்க. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்.” சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது மிதித்தால், தண்ணீர் காற்றைப் போல அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையக்கூட வாய்ப்பு உண்டு. இது தெரியாமல் மிதித்திருந்தால் இன்ஜினுக்கே செலவு வந்திருக்கும்.

டிரெயின் போல்ட்டைத் திறந்தேன். பால் அதிகமான காபி நிறத்தில் வழிந்தது ஆயில். பிளக் இல்லாமல் கிக்கரை மெதுவாக மிதித்துச் சிலிண்டர் தண்ணீரை வெளியேற்றினேன். விலை குறைந்த ஆயிலை ஊற்றி, சில நிமிடம் ஓடவிட்டு இறக்கினேன். மறுபடியும் வெளுப்பு. மூன்றாவது முறைதான் நிறம் தெளிந்தது. பெட்ரோல் டாங்கில் தண்ணீர் அடியில் தங்கியிருக்கும் என்பதால் டாங்கையும் கார்பரேட்டர் கிண்ணத்தையும் முழுக்கக் காலி செய்தேன். இரண்டு சக்கர டிரம்மையும் திறந்து சேற்றைக் கழுவினேன். நாலு நாள் ஆனது. வண்டி ஸ்டார்ட் ஆனபோது தெருவே எட்டிப் பார்த்தது. அன்றைக்கு வந்த துணிச்சல்தான் இத்தனை வருடம் ஓடுகிறது.

அதற்கடுத்த மாதம், வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டைக்குப் போய் ரிங் ஸ்பேனர் செட், பாக்ஸ் ஸ்பேனர், நல்ல ஸ்குரூ டிரைவர், சின்ன இடைவெளிகளை அளக்கும் ஃபீலர் கேஜ் வாங்கினேன். 2,000 ரூபாய்க்குள் அடங்கியது. மலிவு ஸ்பேனர் வேண்டாம். அது போல்ட்டின் தலையை உருட்டிவிடும். பிறகு அந்த போல்ட்டைக் கழட்டுவதே தனி வேலை. கடையில் விற்காத ஒரு கருவியும் என்னிடம் உண்டு, பழைய இட்லித் தட்டு. கிளட்ச் கவர் போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருக்காது. கழட்டிய வரிசையில் குழிக்கு ஒன்றாகப் போட்டு வைத்தால் மாட்டும்போது குழப்பமே வராது.

என் பெரிய தவறு 2017-ல் நடந்தது. ஆயில் கசிந்துவிடுமோ என்ற பயத்தில் டிரெயின் போல்ட்டை முழு பலத்தோடு இறுக்கினேன். இன்ஜின் உடம்பு அலுமினியம், போல்ட் இரும்பு. மறை உரிந்துவிட்டது. லேத் பட்டறையில் மறையைப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று, இரண்டு நாள் பஸ்ஸில் வேலைக்குப் போனேன். கசிவைத் தடுப்பது கை பலம் இல்லை, வாஷர்தான். இப்போது ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் புது வாஷர் போடுகிறேன், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து அளவாக இறுக்குகிறேன்.

ஆயிலில் நான் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று உண்டு. டப்பாவில் ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் 10டபிள்யூ-30 என்பதோடு, பைக் கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான ஜாசோ எம்.ஏ. என்ற தரக்குறியும் இருக்க வேண்டும். பைக்கில் கிளட்ச் தட்டுகள் அதே ஆயிலில்தான் நனைகின்றன. உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உள்ள கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். இந்த இன்ஜினில் தாள் ஃபில்டர் கிடையாது. வலையும், சுழன்று அழுக்கை ஒதுக்கும் ஃபில்டரும்தான். அதைச் சுத்தம் செய்ய வலப்பக்க கவரைத் திறந்தாக வேண்டும், பேக்கிங்கும் புதிதாகப் போட வேண்டும். முதல் முறை என் மைத்துனர் பக்கத்தில் இருந்தார், இல்லாவிட்டால் தொட்டிருக்கமாட்டேன். இறக்கிய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். கேனில் சேர்த்துப் பட்டறையில் கொடுத்தால் பழைய ஆயில் எடுப்பவர்களிடம் போய்ச் சேரும்.

செயின் வேலை எளிது. செயின் கவரின் ரப்பர் மூடியைத் திறந்து விரலால் தூக்கிப் பார்ப்பேன். மேலும் கீழுமாக ஏறக்குறைய இரண்டரை செ.மீ. ஆடினால் சரி. கழுவ டீசல் போதும். பெட்ரோல் வேண்டாம், அதன் ஆவி தீப்பிடிக்கும். துடைத்தபின் 90 கியர் ஆயில். இன்ஜினை ஓடவிட்டுச் செயினைத் துடைப்பதை மட்டும் யாரும் செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். விரல் போய்விடும். பிரேக் டிரம் தூசியை வாயால் ஊதவும் வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

இனி மாற்றங்கள். செய்தவற்றில் பாதியை நானே கழட்டிவிட்டேன். முகப்பு விளக்குக்கு எல்.ஈ.டி. பல்ப் போட்டேன், கண் சிமிட்டுவது போலத் துடித்து ஒரு மாதத்தில் செத்துவிட்டது. காரணம் பிறகுதான் புரிந்தது. இந்த மாடலில் விளக்குக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வரவில்லை, இன்ஜின் சுழலும்போது மின்சாரம் தயாரிக்கும் மேக்னட் காயிலிலிருந்து நேராக ஏ.சி.யாக வருகிறது. ஐட்லிங்கில் வெளிச்சம் மங்குவதும் அதனால்தான். சரிசெய்ய வேண்டுமென்றால் காயிலின் எர்த் இணைப்பிலிருந்தே வயரிங்கை மாற்ற வேண்டும். நான் அதற்குப் போகவில்லை. பழைய 35/35 வாட் பல்பையே போட்டு, ஹோல்டரின் துருவைச் சுரண்டி, எர்த் இணைப்பைச் சுத்தம் செய்தேன். அதிலேயே கண்ணுக்குத் தெரியும் அளவு வெளிச்சம் கூடியது. கூடுதல் வாட் பல்ப் போட்டால் காயிலால் கொடுக்கவும் முடியாது, ஹோல்டரும் உருகலாம்.

பின்சக்கரத்தில் 2.75-18 டயருக்குப் பதிலாக 3.00-18 போட்டுப் பார்த்தேன். பார்க்க நன்றாக இருந்தது, மைலேஜ் 62-லிருந்து 57-க்கு இறங்கியது. அது தேய்ந்ததும் பழைய அளவுக்கே திரும்பிவிட்டேன். போன் சார்ஜர் மட்டும் நிலைத்திருக்கிறது. பேட்டரி வெறும் 2.5 ஏ.எச்., அதனால் சாவியை அணைத்தால் சார்ஜரும் அணையும்படி இணைத்து, நடுவில் ஃபியூஸ் போட்டிருக்கிறேன்.

சத்தம் போடும் சைலென்சர் மாட்ட உதவி கேட்டு அலுவலகத் தம்பிகள் வந்தால் மறுத்துவிடுவேன். நிறுவனம் கொடுத்த அமைப்பை மீறி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. எங்கள் தெருவில் கைக்குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கிறார்கள் என்பது எனக்கு அதைவிடப் பெரிய காரணம்.

வீல் கோட்டம் எடுப்பது, ஃபோர்க் சீல், சிலிண்டர் போரிங், இவற்றை இன்றும் அந்த மெக்கானிக் அண்ணனிடம்தான் கொடுக்கிறேன். கழட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பேன், அவர் முடித்துக் கொடுத்ததும் நானே மாட்டிக்கொள்வேன்.

போன வாரம் இன்ஜினில் லேசாக டிக்டிக் சத்தம். காலையில் இன்ஜின் சூடாவதற்கு முன், பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் மேக்னட்டின் ‘டி’ குறியை நேராக்கி டப்பெட் இடைவெளியைப் பார்த்தேன். எக்ஸாஸ்ட் பக்கம் கூடியிருந்தது, சரிசெய்துவிட்டேன். பின்சக்கர பேரிங் கொஞ்சம் ஆடுகிறது. புது பேரிங் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன், வரும் ஞாயிறு மாற்ற வேண்டும்.