பாட்டிலில் எரிமலைப் படம் இருந்தால் அது எட்னா ஒயின் ஆகிவிடாது

இத்தாலியின் சிசிலித் தீவில், எட்னா எரிமலைக்குப் பக்கத்தில் இருக்கும் கத்தானியா நகரத்துக்குப் போகிறவர்கள், முக்கியமாக அந்த மீன் சந்தைப் பக்கம் சாப்பிட உட்காருகிறவர்கள், ஒயின் சொல்வதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் போன மாதம் நன்றாக ஏமாந்தோம்.

மெனுவில் ‘எட்னா பியாங்கோ சுப்பீரியோரே’ (எட்னா வெள்ளை ஒயினில் உயர்ந்த ரகம்) என்று எழுதி 46 யூரோ போட்டிருந்தது. விலை கூடத்தான், ஆனால் அந்தப் பெயருக்குக் கொடுக்கலாம். எட்னாவைச் சுற்றி எத்தனையோ ஊர்களில் திராட்சை விளைந்தாலும், சுப்பீரியோரே என்று லேபிளில் போட்டுக்கொள்ளும் உரிமை கிழக்குச் சரிவில் கடலைப் பார்த்தபடி இருக்கும் மிலோ என்கிற ஒரே ஊருக்குத்தான். அதிலும் குறைந்தது 80 சதவீதம் கர்ரிகாந்தே திராட்சை இருக்க வேண்டும் (சாதாரண எட்னா பியாங்கோவுக்கு 60 போதும்). இரண்டு நாள் முன்னால்தான் மிலோவில் ஒரு தோட்டக்காரர் வீட்டில் அதைக் குடித்திருந்தோம். காலுக்கடியில் கறுப்பு மண், பொடிப்பொடியாக லாவா. கிளாஸில் பச்சை ஓடிய வெளிர் மஞ்சள், எலுமிச்சைத் தோல் வாசனை, நாக்கின் இரண்டு ஓரத்தையும் இழுக்கும் புளிப்பு, விழுங்கிய பிறகு மெல்ல வரும் உப்பு. அந்த ருசி நாக்கை விட்டுப் போகாத நிலையில்தான் இங்கே வந்து உட்கார்ந்தோம்.

வந்த பாட்டில் ஏற்கெனவே திறந்திருந்தது. கழுத்திலிருந்து இடுப்பு வரை வெள்ளைத் துணி சுற்றி, ஐஸ் வாளிக்குள் இறக்கிவிட்டுப் போய்விட்டார் பரிமாறுபவர். லேபிளைக் காட்டவே இல்லை, நானும் கேட்கவில்லை, அது என் தப்பு. முதலில் பல் கூசும் குளிரில் ஒன்றும் தெரியவில்லை. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அன்னாசியும் கனிந்த வாழைப்பழமும் மணக்கிறது, புளிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. மனைவிதான் துணியை விலக்கிப் பார்த்தாள்.

முன்பக்கம் பெரிதாகப் புகை கக்கும் மலை. பின்பக்கம் பொடி எழுத்தில் ‘தெர்ரே சிச்சிலியானே’, அதாவது சிசிலியில் எந்த மூலைத் திராட்சையாகவும் இருக்கலாம். பாட்டிலில் அடைத்த ஊர் திராப்பனி, தீவின் மேற்குக் கடைசி! ‘எட்னா’ என்ற சொல் லேபிளில் எங்குமே இல்லை. படத்துக்குச் சட்டம் கிடையாது போல.

கூப்பிட்டுக் கேட்டேன். "அது தீர்ந்துவிட்டது, இதுவும் அதே மாதிரிதான்" என்றார், கூச்சமே இல்லாமல். அப்படியென்றால் திறப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டாமா? பில் என்று வந்தது கையால் கிறுக்கிய ஒரு துண்டுக் காகிதம், அதில் ஒயினுக்கு அதே 46. மெஷினில் அடித்த ரசீது, அங்கே ஸ்கொந்த்ரீனோ என்பார்கள், அது கொடுங்கள் என்று நான் குரலை உயர்த்திய பிறகு உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து 20 யூரோ குறைத்தார். மறுநாள் சூப்பர் மார்க்கெட்டில் அதே மலை, அதே புகை, 6 யூரோ.

அதனால் பாட்டிலை மூடியோடு மேஜைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், ‘எட்னா’ என்ற பெயரும் அதன் கீழே டிஓசி (எந்த இடத்து ஒயின் என்பதற்கான சட்டப்படியான முத்திரை) என்பதும் இருக்கிறதா என்று பார்த்த பிறகு திறக்கவிடுங்கள். காட்டத் தயங்கினால் பீர் சொல்லிவிடுங்கள். பாதி பாட்டிலை அப்படியே வாளியில் விட்டுவிட்டு எழுந்து வந்தோம். மீன் மட்டும், சும்மா சொல்லக் கூடாது, நன்றாக இருந்தது.